மெடிக்கல்ல மருந்து வாங்குறப்போ என்ன சொல்லணும், என்ன கேக்கணும்: சுய மருத்துவம் பண்றவங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

"தம்பி, உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலிக்குது, லேசா காய்ச்சல், ரெண்டு வேளைக்கு மாத்திரை குடு." தமிழ்நாட்டுல எந்த ஊர் மெடிக்கல் வாசல்ல நின்னாலும் சாயங்காலம் ஆனா இதைக் கேக்கலாம். கேட்டவுடனே நாலஞ்சு அட்டையில இருந்து ஒவ்வொரு மாத்திரையா கத்தரிச்சு சின்ன பேப்பர் கவர்ல போட்டுக் குடுத்துடுவாங்க, இதுதான் செட் மாத்திரை. உள்ள என்ன இருக்கும்னா ஒரு பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக் இல்லாட்டி அசிக்ளோஃபெனாக்னு ஒரு வலி மாத்திரை, ஒரு சளி மாத்திரை, ஒரு கேஸ் மாத்திரை, சில கடையில சொல்லாம கொள்ளாம ஒரு ஸ்டீராய்டும் சேந்து போகும். பேர் அச்சடிச்ச பக்கம் கத்தரியில போயிருக்கும், அதனால வாங்கினவருக்கு தான் என்ன முழுங்குறோம்னே தெரியாது. மறுநாள் ஏதாவது ஆகி ஆஸ்பத்திரிக்குப் போனா "என்ன மாத்திரைம்மா போட்டீங்க"ன்னு கேக்குற டாக்டருக்கு "வெள்ளையா ஒண்ணு, ரோஸ் கலர்ல ஒண்ணு"ன்னுதான் பதில் வரும்.

நான் கவுண்டருக்கு உள்பக்கம் நிக்கிற பார்மசிஸ்ட். எல்லாத்துக்கும் டாக்டர்கிட்ட ஓடுங்கன்னு சொல்றதுக்காக இதை எழுதல, ஏன்னா ஒரு நாள் கூலி போகும், டாக்டர் ஃபீஸ் இருக்கு, பஸ் காசு இருக்கு, கவர்மெண்ட் ஆஸ்பத்திரின்னா அரை நாள் வரிசையில நிக்கணும், இதெல்லாம் எனக்கும் தெரியும். தலைவலிக்கு ஒரு பாராசிட்டமால் வாங்கிப் போடுறதுல எந்தத் தப்பும் இல்ல. ஆனா எப்படிப் போடணும், எத்தனை நாள் போடணும், யார் போடவே கூடாது, இந்தப் பேச்சும் சேந்தாத்தான் அது மருந்து, பேச்சு இல்லாம மாத்திரை மட்டும் கைக்கு வந்தா பிரச்சனை அங்கதான் ஆரம்பிக்குது. இந்தப் பேச்சுக்குத்தான் பேஷண்ட் கவுன்சலிங்னு பேரு, இதைக் கடைக்காரர் போனாப் போகுதுன்னு செய்யுற உதவியா நினைக்காதீங்க, 2015ல வந்த பார்மசி பிராக்டிஸ் விதிமுறையிலயே இருக்கு: மருந்தோட பேரு, எதுக்கு, எவ்வளவு, எத்தனை நாள், என்ன பக்கவிளைவு வரலாம், எப்படி வைக்கணும், ஒரு வேளை மறந்தா என்ன பண்ணணும், இதெல்லாம் பார்மசிஸ்ட் சொல்லணும். வெள்ளைக் கோட்டு, அதுல பேரும் பதிவு எண்ணும் போட்ட பேட்ஜ், இதுவும் அதே விதியிலதான் இருக்கு. கேக்குறது உங்க உரிமை. எப்படிக் கேக்கணும்னு ஒவ்வொரு ஸ்டெப்பா பாப்போம்.

ஸ்டெப் 1: இது மெடிக்கலுக்குப் போற விஷயமா, ஆஸ்பத்திரிக்குப் போற விஷயமா?

வீட்டுல இருந்து கிளம்புறதுக்கு முன்னாடியே இதை முடிவு பண்ணிடணும். ரொம்ப முக்கியமானதுல இருந்து ஆரம்பிக்கிறேன். நெஞ்சு இறுக்கமா இருக்கு, இடது கையோ தாடையோ முதுகோ இழுத்துப் பிடிக்குது, வேர்த்துக் கொட்டுது, இந்த மாதிரி இருந்தா அதை கேஸ் ட்ரபிள்னு நீங்களே முடிவு பண்ணி சோடா குடிச்சு, கேஸ் மாத்திரை போட்டு, "கொஞ்சம் படுத்தா சரியாயிடும்"னு படுக்கவே படுக்காதீங்க. ஹார்ட் அட்டாக்ல ஒவ்வொரு நிமிஷமும் இதயத் தசை செத்துக்கிட்டே இருக்கும், சீக்கிரம் போனாத்தான் அடைப்பைத் திறக்க முடியும். சுகர் உள்ளவங்களுக்கு வலியே இல்லாம வெறும் மூச்சு வாங்குறது, வேர்வை, அசதின்னு மட்டும்கூட வரலாம். 108க்கு போன் பண்ணுங்க, மெடிக்கலுக்கு ஆள் அனுப்பாதீங்க. எனக்கு இந்த எழுத்துல ஒரே ஒரு பத்தி எழுத அனுமதின்னு சொன்னா இதைத்தான் எழுதுவேன்.

மத்தது: ஒரு பக்கம் கை கால் விழுந்துடுச்சு, வாய் கோணுது, பேச்சு குழறுதுன்னா அதுவும் 108தான். காய்ச்சல் மூணு நாள் தாண்டினா ரத்தம் டெஸ்ட் பண்ணாம மாத்திரை மட்டும் போட்டுக்கிட்டே இருக்கக்கூடாது. இருமல் ரெண்டு வாரம் தாண்டினா சளி டெஸ்ட், கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில இலவசம், டிபியா இருந்தா மாத்திரையும் இலவசம். மலத்துல ரத்தம், கருப்பா தார் மாதிரி போறது, கண்ணு மஞ்சளா இருக்கிறது, கைக்குழந்தைக்குக் காய்ச்சல், கர்ப்பிணிக்கு எந்தத் தொந்தரவா இருந்தாலும் சரி, சுகர் உள்ளவங்களுக்குக் கால்ல புண்ணு, இதெல்லாம் கவுண்டர்ல தீர்ற விஷயம் கிடையாது.

கர்ப்பத்தைக் கலைக்கிற மாத்திரையும் இந்த லிஸ்ட்லதான் வருது. நிறைய பேர் வெளிய சொல்ல பயந்துக்கிட்டு ஆள் மூலமா வாங்கிப் போடுறாங்க. கர்ப்பம் கருக்குழாய்ல தங்கியிருந்தா அந்த மாத்திரை வேலை செய்யாது, குழாய் வெடிச்சு உள்ளயே ரத்தம் போய் உயிருக்கே ஆபத்தாகும், இதை டாக்டர் பாத்து ஸ்கேன் பண்ணினாத்தான் தெரியும். கருக்கலைப்பு 1971 சட்டப்படி இந்தியாவுல முறையா டாக்டர்கிட்ட பண்ணிக்கலாம், உங்க விவரத்தை அவங்க ரகசியமாத்தான் வச்சிருக்கணும். ஒளிஞ்சு பண்ண வேண்டிய அவசியமே இல்ல.

சாதாரண தலைவலி, ஒரு ரெண்டு நாள் ஜலதோஷம், வெளிச் சாப்பாட்டுல வந்த லேசான வயித்துப்போக்கு, கொசுக்கடி அரிப்பு, தசைப்பிடிப்பு, இதுக்கெல்லாம் தாராளமா கடைக்கு வாங்க.

ஸ்டெப் 2: கவுண்டர்ல முதல்ல நீங்க சொல்லுங்க

"காய்ச்சலுக்கு மாத்திரை குடுங்க"ன்னு மட்டும் சொன்னா யாருக்குன்னே எங்களுக்குத் தெரியாது. உங்களுக்கா, வீட்டுல இருக்கிற எழுபது வயசு அப்பாவுக்கா, தாய்ப்பால் குடுக்கிற தங்கச்சிக்கா? அதனால இதை ஒரு பழக்கமாவே வச்சுக்கோங்க: யாருக்கு, வயசு என்ன, குழந்தைன்னா எடை எவ்வளவு, என்ன தொந்தரவு, எத்தனை நாளா, ஏற்கனவே என்ன போட்டாச்சு, தினமும் போடுற மாத்திரை என்ன, எந்த மருந்தாவது முன்னாடி அலர்ஜி ஆகியிருக்கா, கிட்னி, லிவர், அல்சர், ஆஸ்துமா எதாவது இருக்கா, கர்ப்பமா. சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. கடைக்காரரே இதைக் கேட்டா "நான் கேட்டதைக் குடுப்பா, ஆயிரத்தெட்டு கேள்வி கேக்குற"ன்னு தயவுசெஞ்சு கோபப்படாதீங்க, கேள்வி கேக்குற கடைதான் நல்ல கடை.

இதெல்லாம் ஏன் கேக்குறோம்னு தெரிஞ்சா சொல்லத் தயங்க மாட்டீங்க. பிபி மாத்திரையில டெல்மிசார்ட்டான், எனலாப்ரில் மாதிரி இருக்கு, அதோட சிறுநீர் போக வைக்கிற மாத்திரையும் சேத்து சிலர் போடுவாங்க, இந்த ரெண்டுக்கும் மேல மூட்டு வலிக்குன்னு ஒரு டைக்ளோஃபெனாக்கோ ஐபுப்ரோஃபெனோ தினமும் சேந்தா மூணும் சேந்து கிட்னியைப் பதம் பாத்துடும், வலி தெரியாது, எந்த அறிகுறியும் இருக்காது, ஒரு நாள் கிரியேட்டினின்ங்கிற கிட்னி ரத்த டெஸ்ட்லதான் தெரியும். வயசானவங்க மூட்டு வலிக்கு வருஷக்கணக்கா கடையில வாங்கிப் போடுற இந்த வலி மாத்திரைதான் என்னை ரொம்பக் கவலைப்பட வைக்கிற விஷயம். இதே மாத்திரை வயித்துல புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும், பிபியையும் ஏத்தும். இதயத்துல வால்வு மாத்தினவங்க ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரினோ அசினோகூமராலோ போடுவாங்க, அவங்க எங்ககிட்ட சொல்லாம வலி மாத்திரை வாங்கினா உள்ள ரத்தக்கசிவு ஆகலாம். ஆஸ்துமா உள்ளவங்கள்ல சிலருக்கு ஆஸ்பிரினோ ஐபுப்ரோஃபெனோ போட்டா மூச்சே அடைச்சுக்கும்.

இன்னொண்ணு, ஆம்பளைங்க வெக்கப்பட்டுக்கிட்டு சீக்கிரம் வாங்கிட்டு ஓடுற, ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் மாத்திரை. நெஞ்சு வலிக்கு சார்பிட்ரேட் மாதிரி நைட்ரேட் மாத்திரை போடுறவங்க இதைப் போடவே கூடாது, ரெண்டும் சேந்தா பிபி ஒரேயடியா இறங்கி உயிரே போகலாம். பக்கத்துல ஆள் நிக்கிறாங்கன்னு தயக்கமா இருந்தா "ஒரு நிமிஷம் தனியா பேசணும் சார்"னு சொல்லுங்க, நல்ல பார்மசிஸ்ட் யாரும் முகம் சுளிக்க மாட்டாங்க.

தினமும் போடுற மாத்திரை பேர் நினைவுல நிக்காது, யாருக்கும் நிக்காது. அட்டைகளை எல்லாம் வரிசையா வச்சு போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, அம்மா அப்பாவோடதையும் சேத்து. ஆஸ்பத்திரி, மெடிக்கல், ஆம்புலன்ஸ் எங்க போனாலும் இந்த ஒரு போட்டோ போதும்.

ஸ்டெப் 3: கைக்கு வந்த அட்டையைப் படிங்க

முதல்ல உதிரி மாத்திரை வாங்காதீங்க. முழு அட்டை வாங்க வசதி இல்லன்னா பேரும் எக்ஸ்பைரியும் இருக்கிற பக்கத்தையும் போட்டோ எடுத்துட்டுப் போங்க, இல்லாட்டி கவர் மேல பேர் எழுதித் தரச் சொல்லுங்க. பேர் எழுதித் தர மாட்டேன்னு சொல்ற மாத்திரையை முழுங்காதீங்க, அவ்வளவுதான்.

அட்டையில பெருசா இருக்கிறது கம்பெனி வச்ச பேரு, அதுக்குக் கீழயோ பக்கத்துலயோ சின்ன எழுத்துல இருக்கிறதுதான் உண்மையான மருந்து. ஏன் அதைப் பாக்கணும்னா, காய்ச்சலுக்கு 650 மி.கி. பாராசிட்டமால் வாங்கியிருப்பீங்க, சளிக்குன்னு வாங்கின கூட்டு மாத்திரையிலயும் 500 மி.கி. பாராசிட்டமால் இருக்கும், உடம்பு வலிக்கு வாங்கின அசிக்ளோஃபெனாக் கூட்டுலயும் 325 மி.கி. பாராசிட்டமால் இருக்கும், மூணு பேர் மூணு கலர், உள்ள ஒரே மருந்து. மூணையும் ஒரு வேளைக்குச் சேத்துப் போட்டா 1475 மி.கி., மூணு வேளைக்கு 4 கிராமைத் தாண்டிடும். ஆரோக்கியமான பெரியவங்களுக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சம், குடிப்பழக்கம் உள்ளவங்க, லிவர் பிரச்சனை உள்ளவங்க, ஒல்லியா சாப்பாடு சரியில்லாம இருக்கிறவங்களுக்கு அதைவிட கம்மிதான் தாங்கும். பாராசிட்டமால் ஓவர் டோஸ்ல கொடுமை என்னன்னா முதல் நாள் பெருசா ஒண்ணும் தெரியாது, லேசா குமட்டும், ரெண்டாவது மூணாவது நாள்தான் லிவர் கெட்டுப் போனது வெளிய தெரியும். இதுக்கு மாத்து மருந்து ஆஸ்பத்திரியில இருக்கு, 8 மணி நேரத்துக்குள்ள குடுத்தா நல்லா வேலை செய்யும், அதனால யாராவது நிறைய முழுங்கிட்டாங்கன்னு தெரிஞ்சா "நல்லாத்தானே இருக்கான்"னு காத்திருக்காம உடனே கூட்டிட்டுப் போங்க.

அடுத்தது அட்டையில செங்குத்தா ஒரு சிவப்புக் கோடு இருக்கான்னு பாருங்க. இருந்தா அது டாக்டர் சீட்டு இல்லாம வாங்கக்கூடாத மருந்து. சிலதுல சிவப்புக் கட்டத்துக்குள்ள எச்சரிக்கை இருக்கும், அது ஷெட்யூல் ஹெச்1, அதாவது விற்பனையை இன்னும் கண்டிப்பா கண்காணிக்கிற மருந்துப் பட்டியல், 2014 மார்ச்ல இருந்து நடைமுறையில இருக்கு, செஃபிக்சிம், லிவோஃப்ளாக்சசின், ட்ரமடால், அல்ப்ரசோலம் மாதிரி மருந்தெல்லாம் இதுல வருது. இதை விக்கிறப்போ டாக்டர் பேரு, பேஷண்ட் பேரு, எத்தனை மாத்திரைன்னு தனி ரிஜிஸ்டர்ல எழுதி மூணு வருஷம் வச்சிருக்கணும். தெரிஞ்ச கடைதானேன்னு எங்களைக் கட்டாயப்படுத்தாதீங்க.

முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகத்துல வாங்குற ஜெனரிக் மாத்திரையில மருந்துப் பேர்தான் பெருசா இருக்கும். அதே மருந்துதான், விலைதான் கம்மி, நம்பி வாங்கலாம். ஆனா ஒரு குழப்பம் அடிக்கடி நடக்குது: ஏற்கனவே வீட்டுல கம்பெனி பேர்ல இருக்கிற சுகர் மாத்திரையையும், புதுசா வாங்கின ஜெனரிக்கையும், கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில குடுத்ததையும் வேற வேற மாத்திரைன்னு நினைச்சு ஒண்ணாப் போட்டுடுறாங்க. கிளிமிபிரைடு இப்படி டபுளாப் போனா சுகர் ஒரேயடியா இறங்கி, வேர்த்து, கை நடுங்கி, மயக்கத்துல கொண்டு விட்டுடும். புது அட்டை வந்தா பழைய அட்டையைப் பக்கத்துல வச்சு சின்ன எழுத்தைப் பாருங்க, படிக்கத் தெரியலன்னா ரெண்டையும் எடுத்துட்டு வந்து எங்ககிட்ட காட்டுங்க.

ஸ்டெப் 4: இப்போ நீங்க கேளுங்க

இது எதுக்கு? எத்தனை வேளை, எத்தனை நாள்? சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா? என்ன ஆனா நிறுத்திட்டு டாக்டர்கிட்ட போகணும்? இந்த நாலையும் கேக்காம கவுண்டரை விட்டு நகராதீங்க.

சீட்டுல 1-0-1ன்னு எழுதியிருந்தா காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு, மதியம் கிடையாது. எஸ்.ஓ.எஸ்.னு இருந்தா தேவைப்பட்டா மட்டும், தினமும் போடுறது இல்ல. "வாரம் ஒரு தடவை"ன்னு இருக்கிறதுதான் ரொம்ப ஆபத்தான எழுத்து. மூட்டு வாதத்துக்கும் சோரியாசிஸுக்கும் குடுக்கிற மெத்தோட்ரெக்சேட் வாரத்துல ஒரே ஒரு நாள் போடுற மாத்திரை, அதை மத்த மாத்திரை மாதிரி தினமும் போட்டா வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைஞ்சு, உயிர் போற அளவுக்குப் போகும். வீட்டுல யாராவது இதைப் போட்டா காலண்டர்ல கிழமையை வட்டம் போட்டு வைங்க.

சாப்பாட்டு நேரம் ஏன் முக்கியம்னா, தைராய்டு மாத்திரை காலைல வெறும் வயித்துல தண்ணியோட போட்டு அரை மணியில இருந்து ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் காபியோ டிபனோ. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரையை அதுல இருந்து நாலு மணி நேரம் தள்ளிப் போடணும், இல்லாட்டி தைராய்டு மாத்திரை உடம்புல சேராது, டெஸ்ட்ல அளவு சரியா வரலன்னு டோஸை ஏத்திக்கிட்டே போவாங்க. சுகருக்குப் போடுற மெட்ஃபார்மின் சாப்பாட்டோட இல்லாட்டி சாப்பிட்டவுடனே. கிளிமிபிரைடு போட்டுட்டு சாப்பிடாம இருக்கக்கூடாது, விரதம்னாலும் சரி. டாக்சிசைக்ளின்ங்கிற ஆன்டிபயாட்டிக் போட்டா ஒரு டம்ளர் தண்ணி முழுசா குடிச்சு அரை மணி நேரம் படுக்காம இருக்கணும், தொண்டைக்குக் கீழ உணவுக்குழாய்ல ஒட்டிக்கிட்டா அங்கயே புண்ணாயிடும். மெட்ரோனிடசோல்ங்கிற ஆன்டிபயாட்டிக் போடுறப்போ சரக்கு கூடவே கூடாது.

கேஸ் மாத்திரைக்கு வருவோம். பாண்டோப்ரசோல் மாதிரி மாத்திரையை காலைல பல்லு விளக்கினதும் முழுங்குறது நிறைய வீட்டுல ஒரு வழக்கமாவே ஆயிடுச்சு. சில வாரம் போடுற மாத்திரை அது, டாக்டர் சொல்லாம வருஷக்கணக்கா போட்டா பி12 குறையும், மெக்னீசியம் குறையும், திடீர்னு நிறுத்தினா அமிலம் முன்னைவிட அதிகமா சுரக்கிறதால "பாத்தியா, மாத்திரை இல்லாம முடியல"ன்னு மறுபடியும் ஆரம்பிச்சுடுவாங்க. இதை எப்படிப் படிப்படியா குறைக்கிறதுன்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

ஸ்டெப் 5: ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்காதீங்க

"அசித்ரோமைசின் மூணு குடுங்க, போன தடவை கேட்டுச்சு." போன தடவை அது தானாவே சரியாகியிருக்கும். ஜலதோஷம், சாதாரண தொண்டை வலி, பெரும்பாலான காய்ச்சல் வைரஸ்னால வருது, ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவை மட்டும்தான் கொல்லும். தேவையில்லாம போட்டா வயித்துல இருக்கிற நல்ல கிருமிகள் சாகும், தப்பிச்ச கெட்ட கிருமிகள் மருந்துக்கு அடங்காததா மாறும், அப்புறம் நிஜமாவே நிமோனியா வந்து படுக்குறப்போ சாதாரண மருந்து வேலை செய்யாது. பெனிசிலினைக் கண்டுபிடிச்ச அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945ல நோபல் பரிசு உரையிலயே, யார் வேணா கடையில வாங்கலாம்ங்கிற காலம் வந்தா ஜனங்க குறைஞ்ச அளவுல போட்டு கிருமிகளைப் பழக்கி விட்டுடுவாங்கன்னு எச்சரிச்சிருக்கார். 2012ல இந்தியா முழுக்க இருந்து டாக்டர்கள் கூடி இதுக்கு வழி சொன்ன அறிக்கைக்குப் பேரே சென்னை பிரகடனம். இன்னைக்கும் நம்ம ஊர்ல கடையில போய் கேட்டா கிடைக்குதுங்கிறது எனக்கு உண்மையிலேயே வேதனையா இருக்கு, இதுல எங்க தரப்புக்கும் பங்கு இருக்கு.

சிப்ரோஃப்ளாக்சசின், லிவோஃப்ளாக்சசின் வகையில இன்னொரு ஆபத்து: டிபி இருமலை இது கொஞ்ச நாள் அமுக்கி வைக்கும், சரியான டெஸ்ட் தள்ளிப்போகும், அதுக்குள்ள வீட்டுல இருக்கிற குழந்தைக்கும் பரவிடும். தசைநாரையும் இது பாதிக்கும், குதிகாலுக்கு மேல வலி வந்தா நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க.

டாக்டர் எழுதிக் குடுத்த ஆன்டிபயாட்டிக்னா அவர் சொன்ன நாள் வரைக்கும் போடுங்க, நடுவுல நல்லாயிட்டா நிறுத்தலாமான்னு அவர்கிட்டயே கேளுங்க. மிச்சத்தை எடுத்து வச்சு பக்கத்து வீட்டு அக்காவுக்குக் குடுக்காதீங்க.

காய்ச்சலுக்கு வலி மாத்திரை பத்தி ஒரு வார்த்தை. மழைக்காலத்துல வர்ற காய்ச்சல் டெங்குவா இருக்கலாம். டெங்குல ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போட்டா ரத்தக்கசிவு ஆபத்து கூடும், செட் மாத்திரையில அதுதான் இருக்குங்கிறதை மறந்துடாதீங்க. டெஸ்ட் பண்ற வரைக்கும் பாராசிட்டமால் மட்டும், நிறைய தண்ணி. காய்ச்சல் விட்டதும் நல்லாயிடுச்சுன்னு நினைக்கிற அந்த நாள்தான் டெங்குல கவனமா இருக்க வேண்டிய நாள், வயித்து வலி, விடாத வாந்தி, ஈறுல ரத்தம், சோர்ந்து சோர்ந்து தூங்குறது, எது வந்தாலும் ஆஸ்பத்திரி.

ஸ்டெப் 6: க்ரீமும் மருந்துதான்

படர்தாமரைக்கு ஒரு ட்யூப் வாங்கித் தடவுறாங்க, ரெண்டு நாள்ல அரிப்பு நிக்குது, சந்தோஷமா விட்டுடுறாங்க, ஒரு வாரத்துல முன்னைவிட பெருசா வட்டம் வருது. அந்த ட்யூப்ல பூஞ்சைக்கு மருந்தோட க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன்னு ஸ்டீராய்டும் சேந்திருக்கும், ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும், ஆனா தோலோட எதிர்ப்பையும் அடக்கிடும், பூஞ்சை உள்ளுக்குள்ள நல்லா பரவும். முகம் வெள்ளையாகணும்னு இதையே தினமும் பூசுற பொண்ணுங்களும் பசங்களும் நிறைய, முதல்ல பளிச்சுன்னு ஆகும், அப்புறம் தோல் மெலிஞ்சு, சிவந்து, முடி முளைச்சு, பரு வெடிச்சு, நிறுத்தினா எரிச்சல் தாங்க முடியாம மறுபடியும் பூசுவாங்க. 2018ல இந்த மாதிரி ஸ்டீராய்டு க்ரீம்கள்ல பலதையும் சீட்டு இருந்தாத்தான் விக்கணும்னு அரசாங்கம் மாத்திடுச்சு. பெட்டியில 'சோன்', 'சால்'னு முடியுற பேர் இருந்தா கடையில கேளுங்க: "இதுல ஸ்டீராய்டு இருக்கா?" பூஞ்சை மருந்துலயும் சிலது 'சோல்'னு முடியும், அதனாலதான் நீங்களே ஊகிக்காம கேக்கச் சொல்றேன். கண்ணு சிவப்புக்கு வாங்குற சொட்டு மருந்துலயும் ஸ்டீராய்டு இருக்கலாம், அதை மாசக்கணக்குல விட்டா கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி பார்வையே போகும்.

ஸ்டெப் 7: குழந்தைக்குன்னா எடை சொல்லாம எதுவும் வாங்காதீங்க

காய்ச்சல் சொட்டு மருந்தும் காய்ச்சல் சிரப்பும் ஒண்ணு கிடையாது. பாராசிட்டமால் சொட்டு மருந்துல பொதுவா 1 எம்.எல்.ல 100 மி.கி. இருக்கும். சிரப்புல 5 எம்.எல்.ல 120 இருக்கும், இல்லாட்டி 250 இருக்கும். ஒரு வேளைக்கு கிலோவுக்கு 10ல இருந்து 15 மி.கி. வரைக்கும்தான். 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி.ன்னு வச்சா சொட்டு மருந்துல 1.5 எம்.எல்., 250 சிரப்புல 3 எம்.எல்., 120 சிரப்புல சுமார் 6 எம்.எல். இப்போ சிரப்பு குடுத்துப் பழகினவங்க வீட்டுல சொட்டு மருந்து பாட்டிலை எடுத்து அதே மூடியில 5 எம்.எல். ஊத்தினா 500 மி.கி., குழந்தைக்கு மூணு மடங்குக்கு மேல. அதனால பாட்டில் மாறுறப்போ எல்லாம் "இதுல எத்தனை எம்.எல்.?"னு கேட்டு பாட்டில் மேலயே பேனால எழுதி வாங்குங்க. சமையலறை ஸ்பூன் வேண்டாம், மருந்தோட வர்ற அளவு மூடி இல்லாட்டி ஊசி இல்லாத சிரிஞ்சு. ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவுல குறைஞ்சது நாலு மணி நேரம், ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல வேண்டாம். பன்னெண்டு வயசுக்குக் கீழ நிமெசுலைடுங்கிற காய்ச்சல், வலி மருந்து குடுக்கவே கூடாது, 2011லயே தடை பண்ணிட்டாங்க. ஆஸ்பிரினும் கூடாது.

இருமல் சிரப்பு. 2025ல மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவுல இருபதுக்கும் மேல குழந்தைங்க கிட்னி செயலிழந்து இறந்தாங்க, அவங்களுக்குக் குடுத்த சிரப்பு நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல தயாரானது, சோதனையில 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால்ங்கிற விஷம் இருந்துச்சு, அனுமதிச்ச அளவே 0.1 சதவீதம்தான். தயாரிப்புல நடந்த குற்றம் அது, டாக்டர் எழுதிக் குடுத்தும்கூட நடந்தது, அந்தப் பெத்தவங்க மேல ஒரு தப்பும் இல்ல. இதுல நம்ம கையில இருக்கிறது ஒண்ணுதான்: சின்னக் குழந்தைங்களுக்கு வர்ற சாதாரண சளி இருமல் பெரும்பாலும் மருந்து இல்லாமலே போயிடும், ரெண்டு வயசுக்குக் கீழ இருமல் சளி சிரப்பு குடுக்கவே கூடாது, அஞ்சு வயசு வரைக்கும் பொதுவா தேவையில்லன்னு மத்திய சுகாதாரத் துறையே சொல்லியிருக்கு. குளோர்பெனிரமினும் ஃபீனைல்எஃப்ரினும் சேந்த சிரப்பு நாலு வயசுக்குக் கீழ கூடாதுன்னு 2023 டிசம்பர்லயே உத்தரவு வந்துடுச்சு. குழந்தை வேகமா மூச்சு விடுதா, நெஞ்சு உள்ள இழுக்குதா, பால் குடிக்கலையா, அதைப் பாருங்க, இருந்தா உடனே ஆஸ்பத்திரி.

வயித்துப்போக்குக்கு முதல் மருந்து ஓ.ஆர்.எஸ்.தான். பெரிய பாக்கெட்னா 1 லிட்டர் தண்ணியில முழுசா கரைக்கணும், சின்ன பாக்கெட் 200 எம்.எல்.க்கு, எதுக்கு எவ்வளவுன்னு பாக்கெட்ல போட்டிருக்கும். கம்மி தண்ணியில கெட்டியா கலக்கினா உப்பு கூடி குழந்தைக்கு ஆபத்து. டெட்ரா பாக்கெட்ல இனிப்பா வர்றது ஓ.ஆர்.எஸ். கிடையாது, சர்க்கரை அதிகமா இருந்தா பேதி கூடும், 2025 அக்டோபர்ல அந்த மாதிரி பானங்கள் ஓ.ஆர்.எஸ்.னு பேர் போடக்கூடாதுன்னு உத்தரவே போட்டாங்க. கூட ஜிங்க் 14 நாள், ஆறு மாசத்துக்கு மேல 20 மி.கி., கீழ 10. பேதியை நிறுத்துற லோப்ரமைடு குழந்தைக்கு வேண்டாம்.

ஸ்டெப் 8: வீட்டுக்கு வந்தப்புறம்

ஒரு வேளை மறந்துட்டா நினைவு வந்ததும் போடுங்க, அடுத்த வேளை நெருங்கிடுச்சுன்னா மறந்ததை விட்டுடுங்க, ரெண்டையும் சேத்துப் போடாதீங்க. பிபி மாத்திரையை "நார்மல் ஆயிடுச்சே"ன்னு நிறுத்தாதீங்க, மாத்திரை போடுறதாலதான் நார்மலா இருக்கு. ஸ்டீராய்டு மாத்திரை ரொம்ப நாள் போட்டவங்களும் தூக்க மாத்திரை பழகினவங்களும் திடீர்னு நிறுத்தவே கூடாது, டாக்டர் சொல்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்.

மருந்துப் பெட்டியை ஜன்னல் ஓரம், டிவி மேல, சமையலறை அடுப்புப் பக்கம் வைக்காதீங்க. குழந்தைக்கு எட்டாத உயரத்துல பூட்டி வைங்க. பிரிக்காத இன்சுலின் ஃபிரிட்ஜ் நடுத்தட்டுல, ஃப்ரீசர்ல வச்சு உறைஞ்சா தூக்கிப் போடணும், பிரிச்சதை வெயில் படாத இடத்துல பொதுவா நாலு வாரம் வைக்கலாம். தண்ணி ஊத்திக் கலக்குற ஆன்டிபயாட்டிக் சிரப்பு கலக்கின நாள்ல இருந்து பெரும்பாலும் ஒரு வாரம்தான், தேதியை பாட்டில்ல எழுதுங்க. பெத்தவங்க போட்ட மிச்ச மாத்திரையெல்லாம் ஒரு டப்பால கொட்டி வைக்கிற பழக்கம் பல வீட்டுல இருக்கு, பேர் தெரியாததையும் தேதி முடிஞ்சதையும் இன்னைக்கே எடுத்து ஒதுக்கிடுங்க.

மாத்திரை போட்டு உடம்புல தடிப்பு, உதடு கண்ணு வீக்கம், மூச்சுத் திணறல் வந்தா உடனே 108. வாயில, கண்ணுல, பிறப்புறுப்புல புண்ணோட தோல் கொப்புளிச்சு உரிஞ்சாலும் தாமதிக்காதீங்க. எந்த மாத்திரைன்னு தெரிஞ்சுக்க அட்டையைக் கையோட எடுத்துட்டுப் போங்க. சரியானதும் அந்த மருந்துப் பேரை ஒரு சின்ன அட்டையில எழுதி பர்ஸ்ல வச்சுக்கோங்க, இனிமே போற ஒவ்வொரு டாக்டர்கிட்டயும் ஒவ்வொரு மெடிக்கல்லயும் காட்டணும்.

பக்கவிளைவை நீங்களே அரசாங்கத்துக்குச் சொல்லலாம், டாக்டர்தான் சொல்லணும்னு இல்ல. மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தோட இலவச எண் 1800 180 3024, வேலை நாள்ல கூப்பிடுங்க. மருந்துப் பேரு, பேட்ச் நம்பர், எப்போ போட்டீங்க, என்ன ஆச்சு, இந்த நாலு விவரம் கையில இருக்கணும். பேட்ச் நம்பர் அட்டையில எக்ஸ்பைரி தேதி பக்கத்துலயே இருக்கும், பில்லுலயும் இருக்கும், அதனால எவ்வளவு சின்னத் தொகையா இருந்தாலும் பில் கேட்டு வாங்குங்க.